ஜெராக்ஸ் கடையும் நம் மனச்சாட்சியும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் காட்சியில் சிறுபதிப்பாளர் ஒருவரைச் சந்தித்தோம். பல்லாண்டுப் பழக்கம். ஆண்டுக்கு ஏழெட்டு நூல்களை வெளியிடுபவர். மெய்ப்புப் பார்ப்பது முதல் பார்சல் கட்டுவது வரை தாமே செய்பவர். நலம் விசாரித்து முடிந்ததும் மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். "உங்க கல்லூரியில இந்த நாவலைப் பாடமா வெச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டு இருநூறு பிரதி கூடுதலா அடிச்சேன் சார். பதினொண்ணு போச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நம்மால்தான் சிரிக்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் அறுபது மாணவர்கள் அந்நாவலைப் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். பதினொருவர் நீங்கலாக எஞ்சிய நாற்பத்தொன்பது பேர் கையில் இருந்தவை கல்லூரி வாசலுக்கு எதிரேயுள்ள கடையில் எடுத்த ஒளிநகல்கள். முதற்பிரதியை அந்தக் கடைக்குக் கொடுத்தனுப்பியவர்கள் நாமே.

வகுப்பறைக்காக நூல்களை நகலெடுப்பது பற்றி ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. செய்கிறோம், ஆனால் பேசுவதில்லை. பேசினால் இரண்டு எல்லைகளில் ஒன்றில் போய் நிற்கிறோம். "அறிவு அனைவருக்கும் பொது, இதில் என்ன திருட்டு?" என்பது ஓர் எல்லை. "உழைத்தவன் பொருளை உரிமையின்றி எடுப்பது களவுதான்" என்பது மறு எல்லை. இரண்டையும் நாமே வெவ்வேறு தருணங்களில் சொல்லியிருக்கிறோம். நூலகத்தில் நிற்கும்போது முதலாவதையும், நம் நண்பர் எவரேனும் ஒரு நூல் வெளியிட்டிருக்கும்போது இரண்டாவதையும் சொல்வது நம் வழக்கம்.

முதலில் மாணவர் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். மேற்சொன்ன நாவல் 280 பக்கம். விலை 350 ரூபாய். தாளின் ஒரு முகத்தில் இரண்டு பக்கம் வீதம் எடுத்தால் 140 முகம். முகத்துக்கு ஒரு ரூபாய். சுருள்கம்பிக் கட்டுக்கு முப்பது ரூபாய். ஆக 170 ரூபாயில் நாவல் கைக்கு வந்துவிடுகிறது. மிச்சமாகும் 180 ரூபாய் நம் மாணவர்களுக்குச் சிறிய தொகையன்று. அவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். மாலையில் ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ நின்றுவிட்டுப் படிப்பவர்கள். ஒரு பருவத்துக்கு ஐந்து தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நான்கு நூல்கள். எல்லாவற்றையும் வாங்கு என்று சொல்கிற ஆசிரியர், படிக்காதே என்று சொல்கிறார் என்றே பொருள்.

நாமும் அந்த வழியில் வந்தவர்களே. முதுகலை படித்த காலத்தில் நம் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு அலமாரியிலிருந்து பழைய சிற்றிதழ்த் தொகுதி ஒன்றை எடுத்துவந்து, "சனி ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள், திங்கள் காலை வந்துவிட வேண்டும்" என்று கொடுத்தார். ஏழு பேர் சேர்ந்து ஏழு படி எடுத்துக்கொண்டோம். பதிப்பில் இல்லாத, எந்தக் கடையிலும் கிடைக்காத இதழ்கள் அவை. மை மங்கிப் போன அந்தத் தாள்கள் இன்னும் நம்மிடம் உள்ளன. அவை இல்லையேல் நவீன இலக்கியம் என்ற ஒன்று நம் அறிவுக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

படி எடுத்தல் நம் மரபில் பழியாகக் கருதப்பட்டதில்லை. ஓலை உளுத்துப் போகும், கறையான் அரிக்கும். தலைமுறைக்கொரு முறை ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணி கொண்டு பெயர்த்து எழுதாவிடில் நூல் அழியும். மாணவன் தனக்கு வேண்டிய நூலைத் தானே எழுதிக்கொள்வதுதான் கல்வியின் தொடக்கமாக இருந்தது. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற காலத்தில் ஏடெழுதுவதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகத் தேடிப் பல பிரதிகளை ஒப்புநோக்க முடிந்ததே, யாரோ பலர் படியெடுத்து வைத்திருந்ததனால்தான். இதனைச் சொல்லி நாம் செய்வதை நியாயப்படுத்திவிடலாம் என்று முன்பு நினைத்திருந்தோம். ஆனால் ஏடு பெயர்த்து எழுதியவரால் எந்தப் புலவரின் சோற்றுக்கும் இழப்பு நேரவில்லை. அக்காலப் புலவர் வாழ்ந்தது புரவலரின் கொடையினாலும் ஆதீனங்களின் ஆதரவினாலும். ஏட்டின் விற்பனையினால் அன்று. இன்றைய எழுத்தாளருக்கு அப்புரவலர் இல்லை. இருக்கும் ஒரே புரவலர் நூலை விலை கொடுத்து வாங்கும் வாசகரே.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் இதற்கு ஒரு தெளிவான வழக்கு உண்டு. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் குழுமமும் சேர்ந்து தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. எதிர்வாதிகள் இருவர்: தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி ஒளிநகல் கடையும், தில்லிப் பல்கலைக்கழகமும். பாடத்திட்டத்தில் பரிந்துரைக்கப்பட்ட நூல்களிலிருந்து வேண்டிய இயல்களை மட்டும் நகலெடுத்துக் கட்டாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றதுதான் புகார். அமெரிக்காவில் 1991இல் கின்கோஸ் என்னும் நகலகத்துக்கு எதிராக இதையொத்த வழக்கொன்றில் பதிப்பாளர்கள் வென்றிருந்தார்கள். இங்கும் அவ்வாறே ஆகும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும்.

அவ்வாறு ஆகவில்லை. மாணவர்கள் தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளக் கோரி நீதிமன்றம் சென்றார்கள். ஆசிரியர்களும் திரண்டார்கள். தம் நூல்கள் அந்தக் கட்டுகளில் நகலெடுக்கப்பட்டிருந்த ஆய்வாளர்கள் பலரே வழக்கைக் கைவிடும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுவாக்கம் செய்வதை உரிமை மீறலாகக் கொள்ளவில்லை. அந்த விலக்கு வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் ஒடுங்கியதன்று; பாடம் திட்டமிடப்படுவது முதல் பருவம் முடிவது வரை நீள்வது என்று தீர்ப்பு விளக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இருநீதிபதி அமர்வும் அடிப்படையில் அக்கருத்தையே ஏற்றது. எத்தனை பக்கம் எடுத்தாய் என்பது அளவுகோல் அன்று. கற்பித்தலின் நோக்கத்துக்கு அது தேவையாக இருந்ததா என்பதே அளவுகோல் என்றது. தேவையா இல்லையா என்ற உண்மை விவரத்தை விசாரிக்க வழக்கைத் திருப்பியும் அனுப்பியது. ஆனால் 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நகலுரிமைச் சங்கம் ஒன்று செய்த மேல்முறையீட்டை அவ்வாண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

அத்தீர்ப்பு வந்த நாளில் நாம் மகிழ்ந்தோம். இன்றும் அதனைச் சரியான தீர்ப்பு என்றே கருதுகிறோம். பதிப்புரிமை என்னும் கருத்தின் தொட்டில் என்று சொல்லப்படும் 1710ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம், தன் தலைப்பிலேயே கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்றுதான் தன்னை அழைத்துக்கொண்டது. பெர்ன் உடன்படிக்கையும் கற்பித்தலுக்காகப் படைப்புகளை நியாயமான அளவில் பயன்படுத்த நாடுகள் இடம் தரலாம் என்கிறது. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு நூலில் இருபது பக்கம் தேவைப்படும் மாணவன் முழு நூலையும் வாங்க வேண்டும் என்பது நடக்காத காரியம். அவன் வாங்கப் போவதில்லை. ஆகவே அந்த நகலினால் பதிப்பகத்துக்குப் போன விற்பனை என்று ஒன்றுமில்லை.

ஆனால் தில்லித் தீர்ப்பை அப்படியே தூக்கிவந்து தமிழ்த் துறைக்குள் வைக்கும்போது அது முழுமையாகப் பொருந்துவதில்லை. சில வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எதிர்ப்பக்கம் யார் என்பது. அங்கே வழக்காடியவை பல நாடுகளில் கிளை பரப்பிய பெருநிறுவனங்கள். ஆங்கிலக் கல்விப் புலத்தில் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளத்தில் வாழ்பவர்; நூல் அவருக்குப் பெயரைத் தருகிறது, வருவாயை அன்று. தமிழில் நாம் பாடமாக வைக்கும் நாவலை எழுதியவர் ஓர் அஞ்சலக ஊழியராகவோ சிறு விவசாயியாகவோ இருக்கலாம். வெளியிட்டவர், அட்டைப்பெட்டியைக் காட்டினாரே, அவர். முந்நூறு பிரதி அச்சிட்டு இரண்டாண்டு காத்திருக்கும் பதிப்பகத்துக்கு அறுபது மாணவர் என்பது ஐந்திலொரு பங்குச் சந்தை.

இரண்டாவது, இலக்கியத்தின் இயல்பு. சமூகவியல் நூலில் ஓர் இயலைப் பிரித்தெடுத்துப் படிக்கலாம். ஒரு கவிதையில் பத்து விழுக்காடு என்பது ஒரு வரி. சிறுகதையைப் பாதி நகலெடுத்து எவரும் நடத்த முடியாது. இலக்கியம் கற்பிப்பவர் எடுக்கும் நகல் ஏறக்குறைய எப்போதும் முழுப் படைப்பின் நகலாகவே இருக்கும். நோக்கமே அளவுகோல் என்ற தீர்ப்பின்படி, அறுபது பேருக்கு முழு நாவலையும் நகலெடுக்க வைத்த நம் செயலையும் பிழையன்று என்று வாதிட்டுவிட முடியும் போலிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை அந்தப் பதிப்பாளரின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு நமக்கு இல்லை. சட்டம் அனுமதிக்கும் ஒன்றைச் செய்துவிட்டு ஒருவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறோம் என்றால், சட்டம் தொடாத ஏதோ ஒன்று அங்கே மிச்சமிருக்கிறது.

மூன்றாவது, நாம் அதிகம் மறைக்கும் விஷயம்: பொதுத்தமிழ்த் தொகைநூல்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் பலவும் முதற்பகுதித் தமிழுக்கெனக் கவிதை, சிறுகதைத் தொகுப்புகளைத் தாமே அச்சிட்டு மாணவர்க்கு விற்கின்றன. அதில் வாழும் கவிஞர்களின் கவிதைகள் இடம்பெறும். எத்தனை கல்லூரிகள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கின்றன? நமக்குத் தெரிந்த கவிஞர் ஒருவருக்குத் தம் கவிதை பாடமாகியிருக்கும் செய்தி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவியின் கையிலிருந்த நூலைப் பார்த்துத்தான் தெரிந்தது. இரண்டு வரிகள் இடம் மாறி அச்சாகியிருந்தன என்பதையும் அப்போதே கண்டார். இதை ஆசிரியர் வகுப்பிற்காக எடுக்கும் நகலோடு சேர்த்து எண்ணக் கூடாது. இது பதிப்பு, விலையும் போட்ட பதிப்பு. இத்தகைய பாடத்தொகுப்புகளுக்கும் சட்டம் ஒரு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் அது குறுகியது. தொகுப்பின் பெரும்பகுதி உரிமைக்காலம் முடிந்த படைப்புகளாக இருக்க வேண்டும். எடுப்பவை சிறு பகுதிகளாக இருக்க வேண்டும். ஒரே வெளியீட்டாளர் ஐந்தாண்டுக்குள் ஓர் ஆசிரியரிடமிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கலாகாது. முழுச் சிறுகதைகளை வரிசையாக அடுக்கும் நம் தொகுப்புகள் இதற்குள் அடங்குமா என்று துறைக்கூட்டங்களில் எவரேனும் கேட்டதுண்டா? நாமும் கேட்டதில்லை.

இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2020இல் பெருந்தொற்றினால் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது ஜெராக்ஸ் கடையின் இடத்தை வாட்ஸப் குழு பிடித்தது. நூலைக் கைப்பேசியில் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினோம். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் தாள் நகல் பருவம் முடிந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும், பிடிஎஃப் அப்படியன்று. நம் வகுப்பிற்கென எடுத்த கோப்பு மூன்றாம் நாள் முகம் தெரியாத டெலிகிராம் குழுவில் ஆயிரக்கணக்கானோர் கையில் இருக்கிறது. கற்பித்தலின் போக்கில் என்ற சொற்களை எவ்வளவு அகலமாக விரித்தாலும் அது வரை எட்டாது. அந்தக் கோப்பின் ஓரத்தில் நம் கட்டைவிரல் பதிந்திருக்கும்போது, அதனைப் பரப்பியது யாரோ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நகலே வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் நமக்கில்லை. மூன்று நான்கு வேறுபாடுகளை ஆசிரியர்கள் மனத்தில் கொண்டால் போதும் என்பது நம் துணிபு.

உரிமைக்காலம் முடிந்தவற்றில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் என்பது இந்தியச் சட்டம். 1944இல் மறைந்த கு.ப.ரா.வும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனும் இன்று எல்லோருக்கும் உரியவர்கள். பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசே பெற்றுப் பின்னர் மக்களுக்கு ஆக்கியது. அதன்பின் நாட்டுடைமையாக்கப்பட்டவர்கள் பலர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் வரை இவற்றைத் தேடிக்கொள்ள வழிகள் உண்டு. மாறாக, 1982இல் மறைந்த தி.ஜானகிராமனின் எழுத்துக்கு 2042 முடிய உரிமை உண்டு. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் ஆகாது. நாம் போடுவதில்லை, அவ்வளவே.

பதிப்பில் இல்லாத நூலை மனம் உறுத்தாமல் நகலெடுக்கலாம். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்கு மூன்று படிகள் வரை எடுத்துவைத்துக்கொள்ள வணிக நோக்கற்ற பொதுநூலகத்துக்குச் சட்டமே இடம் தருகிறது. நம் மரபின் ஏடெழுதும் அறம் முழுமையாகப் பொருந்துவது இங்கேதான். ஒரு நூலின் சில பக்கங்களோ, தொகுதியிலிருந்து ஓரிரு கதைகளோ வகுப்புக்கு வேண்டுமென்றால் எடுக்கலாம். ஆனால் நகலின் முதல் தாளில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நான்கும் இருக்க வேண்டும். நம் மாணவர் பலர் ஒரு கதையை மூன்றாண்டு நினைவில் வைத்திருந்து, அதை எழுதியவரைக் கேட்டால் "சார் கொடுத்த ஜெராக்ஸ்" என்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் தமிழ் நூல் ஒன்றை முழுப் பாடமாக வைத்தால் அதனை வாங்க வைக்கும் வழியைத் தேடுவதும் பாடம் வைத்தவரின் கடமை. மேற்சொன்ன நாவலுக்கே திரும்புவோம். விற்பனையாளருக்குத் தரும் முப்பத்தைந்து விழுக்காடு கழிவை மாணவருக்குத் தரமுடியுமா என்று அந்தப் பதிப்பாளரிடம் கேட்டிருந்தால் நாவல் 227 ரூபாய் 50 காசுக்குக் கிடைத்திருக்கும். நகலுக்கும் நூலுக்கும் வேறுபாடு ஐம்பத்தேழரை ரூபாய். பத்து விழுக்காடு உரிமத்தொகை என்று கொண்டால், நாற்பத்தொன்பது நகல்களால் எழுத்தாளருக்கு இல்லாமல் போனது 1715 ரூபாய். நிரந்தரப் பணியிலுள்ள பேராசிரியர் ஒருவரின் ஒரு நாள் ஊதியத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில்தான் நமக்கு உண்மையாகவே உறைத்தது. நாம் காத்தது ஏழை மாணவரின் பையை என்று எண்ணிக்கொண்டிருந்தோம். மெய்யாகவே நாம் மிச்சப்படுத்திக்கொண்டது, ஒரு தொலைபேசி அழைப்பின் சிரமத்தை.

தொகைநூல் அச்சிடும் கல்லூரி, அனுமதி கேட்டு ஒரு கடிதமும் அச்சானபின் இரண்டு பிரதிகளும் ஒரு சிறு மதிப்பூதியமும் அனுப்பலாம். பெரும்பாலான தமிழ்க் கவிஞர்கள் தொகையைக் கூடக் கேட்க மாட்டார்கள். மெய்ப்பைக் காட்டினால் திருத்தித் தருவார்கள்; வரிகளும் இடம் மாறா.

சென்ற ஆண்டு அதே நாவலை மீண்டும் நடத்தும் முறை வந்தது. முன்கூட்டியே அந்த நண்பரை அழைத்தோம். கழிவு விலைக்கு அனுப்ப உடனே ஒப்புக்கொண்டார். அறுபத்திரண்டு மாணவரில் நாற்பத்தாறு பேர் வாங்கினார்கள். வாங்க இயலாதவர்களுக்காகத் துறை நூலகத்துக்குப் பன்னிரண்டு பிரதிகள் எடுத்தோம். எஞ்சிய நால்வர் எப்படிப் படித்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. அவர்களைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டென்றும் தோன்றவில்லை. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் கடைசி ஓலையில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைப்பதுண்டு. முதல் முறை எடுத்த நாற்பத்தொன்பது நகல்களில் நாம் அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறிப்பாக இக்கட்டுரை இருக்கட்டும்.